மாற்றிப் பார்ப்பதா, பார்த்து மாற்றுவதா?



பதிவு கொஞ்சம் நீளம். எங்கள் காரில் வந்த ஒரு கோளாறைப் பற்றியது. கார் இல்லாதவர்களும் படிக்கலாம். கோளாறில் பாதி என்னுடையது.

எங்கள் வீட்டு பெட்ரோல் காருக்குப் பன்னிரண்டு வயது. போன ஆடி மாதம் அதற்கு ஒரு பழக்கம் வந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஏ.சி. போட்டால் அணைந்துவிடுகிற மாதிரி நடுங்கும். ஆனால் சி.டி.எச். ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனால் ஒரு குறையும் தெரியாது. அம்பத்தூர் ஓ.டி.யில் நின்றால் மறுபடி ஆட்டம். சில நாள் கழித்து மீட்டரில் அந்த மஞ்சள் இன்ஜின் லைட்டும் எரிய ஆரம்பித்தது.

திருமுல்லைவாயல் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கிருந்த தம்பி பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்:

"சார், எங்க பிரச்சினைன்னு பார்க்கவே ஒரு மணி நேரம் ஆவும். செக்கிங் சார்ஜ் ஐநூறு. பார்ட்ஸ் ஏதாவது மாத்தினா அது தனி."

"ஒண்ணும் மாத்தலைன்னாலும் ஐநூறா?"

"ஆமா சார். பார்க்கிறதுதான் சார் வேலையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. "வெறும் கண்ணால பார்க்கிறதுக்கு ஐநூறு ரூபாயாப்பா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வந்து அதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

அடுத்து போனது கொஞ்சம் பெரிய இடம். செக்கிங் இலவசம் என்று போர்டே வைத்திருந்தார்கள். ஒருவர் ஸ்கேனரைச் சொருகினார். இரண்டே நிமிடம். "பி0171 சார். ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு" என்றார். சென்சார் மாற்றினார்கள். கையோடு நான்கு ஸ்பார்க் பிளக்கும் மாற்றி, த்ராட்டில் பாடியையும் கழுவினார்கள். மொத்தம் 9,400 ரூபாய். லைட் அணைந்தது. நான்காம் நாள் திரும்ப எரிந்தது.

மறுபடி போய் நின்றேன். "அப்ப ஃப்யூயல் பம்பா இருக்கும் சார். மாத்திப் பார்க்கலாம்" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த வாரமே வீட்டுக்காரம்மாவைக் கண் பரிசோதனைக்குப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது கரையான்சாவடியில் ஆவடி ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில், நட்டநடு ரோட்டில், வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி. ஹாரன் காதைக் கிழித்தது. பக்கத்தில் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எதுவும் சரியாகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர், "என்னங்க, என்னங்க ஆச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது முறை சாவி திருப்பியபோது ஸ்டார்ட் ஆனது. அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் ஐநூறு ரூபாய் எவ்வளவு சின்னத் தொகை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் திருமுல்லைவாயல் தம்பியிடம் போனேன். கதைகளில் வருகிற மாதிரி அவர் என் பழைய மாணவராக இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். இல்லை. என்னை நினைவு வைத்திருந்தார், ஆனால் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "உட்காருங்க சார். கிட்ட நின்னு பாக்கிறதுன்னாலும் பாருங்க" என்றார். நான் கிட்ட நின்றே பார்த்தேன்.

அவரும் ஸ்கேனரைத்தான் சொருகினார். அதே பி0171 தான் வந்தது. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. "சார், இது 'கலவையில பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி'ன்னு மட்டும்தான் சொல்லுது. ஏன்னு சொல்லலை" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுக்க அனுமதியுங்கள். பழக்கதோஷம்.

பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எங்கள் கார் மாதிரியான வண்டிகளில் ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு காற்றளவு சென்சார் இருக்கிறது. உள்ளே போகிற காற்றை அது எடை போட்டுச் சொல்லும். அந்தக் கணக்குக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிக்கும். எரிந்த புகையை சைலன்சர் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் முகர்ந்து பார்த்து, மீதி ஆக்சிஜன் இருந்தால் "பெட்ரோல் பற்றவில்லை" என்று சொல்லும். கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். இந்தத் திருத்தத்தை ஃப்யூயல் டிரிம் என்கிறார்கள். ஸ்கேனரில் கூட்டல், கழித்தல் சதவீதமாகத் தெரியும். நல்ல வண்டியில் சைபரை ஒட்டி, ஐந்து சதவீதத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது காற்றளவு சென்சாரைத் தாண்டி, இன்ஜினுக்கு முன்னால், ஏதோ ஒரு ரப்பர் ஹோஸில் விரிசல் என்று வையுங்கள். அந்த வழியாக நுழைகிற காற்று கணக்கில் வராது. டிக்கெட் வாங்காமல் பின்வாசலில் ஏறிய பயணி மாதிரி. கண்டக்டர் கணக்கு ஒன்று, பஸ்ஸில் கூட்டம் ஒன்று. ஆக்சிஜன் சென்சார் அந்த உண்மையைத்தான் சொன்னது. கெட்ட சேதி கொண்டுவந்த தபால்காரரை நான் 9,400 ரூபாய் கொடுத்து மாற்றியிருக்கிறேன்!

காற்று ஏன் உள்ளே நுழைகிறது? இதை முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன். வெளியே வளிமண்டல அழுத்தம் 76 செ.மீ. பாதரசம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் உறிஞ்ச, உறிஞ்ச, மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளியில் இருப்பதில் பாதிக்கும் கீழே போய்விடும். சின்ன ஓட்டை கிடைத்தாலும் வெளிக்காற்று பாய்ந்து நுழையும். டாரிசெல்லி படத்தைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! என் சொந்தக் காரில் அதே பாடம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

தம்பி அடுத்துச் செய்ததுதான் அழகு. ஐடிலில் டிரிம் பார்த்தார்: கூட்டல் 24. ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜினை 2,500 சுற்றில் நிறுத்திப் பார்த்தார்: கூட்டல் 5.

"சார், பம்ப் வீக்கா இருந்தா வேகம் ஏற ஏற இது மோசமாவணும். இங்க தலைகீழா இருக்கு. இது ஏர் லீக்தான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு நானே யோசித்துக்கொண்டேன். கால் டம்ளர் பாலில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் குடிக்க முடியாது. ஒரு குடம் பாலில் அதே கரண்டித் தண்ணீரை விட்டால் தெரியவே தெரியாது. ஐடிலில் இன்ஜின் குடிக்கிற காற்று கொஞ்சம், அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகத்தில் குடிக்கிற காற்று அதிகம், பங்கு சின்னது. நெடுஞ்சாலையில் வண்டி நன்றாக ஓடியதற்கும் சிக்னலில் நடுங்கியதற்கும் காரணம் இதுதான். இரண்டே எண்களில் பம்ப் தப்பித்துவிட்டது.

"இ20 பெட்ரோலால இருக்குமோப்பா?" என்று கேட்டேன். இப்போது எது நடந்தாலும் எல்லோரும் அதைத்தானே சொல்கிறோம். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் டிரிம் சில சதவீதம் ஏறும் என்பது உண்மைதான். "ஆனா அது ஐடில்லயும் ஏறும், ஓட்டத்துலயும் ஏறும் சார். ஐடில்ல மட்டும் இவ்ளோ ஏறாது" என்றார்.

அடுத்து ஓட்டை எங்கே? ஒரு முழ நீள பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனார். டாக்டர் நெஞ்சில் குழல் வைக்கிற மாதிரி. ஓரிடத்தில் நின்றார். உறுதிப்படுத்த இன்ஜினை அணைத்துவிட்டு, ஆயிலைச் சூடாக்கிப் புகை உண்டாக்குகிற ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். ஏர் இன்டேக் வழியாக மெதுவாகப் புகையை ஏற்றினார். சிறிது நேரத்தில் இன்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத ஒரு வளைவிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது.

கிராங்க் கேஸ் ஆவியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்புகிற பி.சி.வி. ஹோஸ். சூட்டிலும் ஆயிலிலும் ஊறி, வளைவின் அடிப்பக்கம் விரல் நகம் அளவுக்கு வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாகத்தான் தெரியும்.

புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் 380 ரூபாய். கம்ப்யூட்டரின் பழைய நினைவை அழித்துவிட்டு ஆவடி செக்போஸ்ட் வரை ஒரு சுற்று ஓட்டி வந்தோம். டிரிம் காட்டினார்: ஐடிலில் 3, ஓட்டத்தில் 2. செக்கிங் சார்ஜ் அதே ஐநூறு. ஆக மொத்தம் 880.

சரி, இப்போது என் கருத்து.

இதை நான் "பெரிய கடை மோசம், சின்னக் கடை நல்லது" என்று சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் பெரிய கடைக்காரரை மாற்றிப் பார்க்கிறவராக ஆக்கியது நாம்தான். என்னை மாதிரி ஆட்கள்தான். பார்ப்பதற்குக் கூலி தர மாட்டோம், மாற்றுவதற்குத் தருவோம் என்று முடிவு செய்துவிட்டோம். அப்புறம் அவர் எதைச் செய்வார்? ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடி 380 ரூபாய் ஹோஸைக் கண்டுபிடித்தால் அவருக்கு லாபம் நூறு ரூபாய்கூடத் தேறாது. இரண்டு நிமிடத்தில் சென்சார் மாற்றினால் கடை வாடகை தேறும். இலவசச் செக்கிங்கின் விலை அந்த 9,400-க்குள்ளே ஒளிந்திருந்தது.

"மாற்றிப் பார்" என்பதற்கும் "பார்த்து மாற்று" என்பதற்கும் இரண்டு வார்த்தை இடம் மாறியதுதான் வித்தியாசம். நம் பணமும் பாதுகாப்பும் அந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது.

தெருமுனை பஞ்சர் கடைக்காரரைப் பாருங்கள். எடுத்தவுடன் டியூபை மாற்றச் சொல்வதில்லை. காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தை விரலால் அழுத்தி, நம் கண் முன்னால் காட்டிவிட்டுத்தான் ஒட்டுப் போடுகிறார். காஸ் சிலிண்டர்க்காரர் சோப்பு நுரை தடவிக் காட்டுகிறார். புகை டெஸ்டும் அதே அறிவுதான். இரண்டாயிரம் ரூபாய் சைக்கிளுக்குக் கிடைக்கிற மரியாதை, ஐந்து லட்ச ரூபாய் காருக்குக் கிடைக்கவில்லை என்றால் எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாடியிலும் ஆவடி தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்த, பார்க்கிற என் மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். உங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒரு பிரிவே இருக்கிறது. அவர்கள் ஒரு நட்டுகூடச் செய்வதில்லை. பார்க்கிறார்கள், அளக்கிறார்கள், சரி, தவறு என்று எழுதுகிறார்கள். மாதாமாதம் சம்பளம். யாரும் "வெறும் பார்க்கிறதுக்கா?" என்று கேட்பதில்லை. 1965-லேயே விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஊர் ஆவடி. அளந்து பார்ப்பதன் அருமை நமக்குத் தெரியாதா? கேட் தாண்டி வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம்.

"ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்றும் பார்க்காமலே ஏமாற்றினால்?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் பணத்தோடு சேர்த்து ஒரு கேள்வியும் கொடுக்க வேண்டும்: "எப்படித் தெரியும்?"

கணக்கில் விடை மட்டும் எழுதினால் நான் முழு மதிப்பெண் போடமாட்டேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். வழிமுறை வேண்டும். விடை தப்பாகப் போனாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. வாழ்நாள் முழுக்க அப்படித் திருத்திய நான், ஒரு மெக்கானிக்கின் வழிமுறைக்கு மதிப்பெண் போட மறுத்தேன். அதுதான் உறுத்துகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதுவான். கவனமில்லை என்று முடிவு கட்டினேன். இடம் மாற்றி உட்காரவைத்தேன், பெற்றோரை வரச் சொன்னேன், இம்போசிஷன் கொடுத்தேன். எல்லாம் மாற்றிப் பார்த்ததுதான். இரண்டு பருவம் போனபின் ஒரு கண் முகாமில் தெரிந்தது, அவனுக்குப் பலகையே சரியாகத் தெரியவில்லை என்று. அதுவரை பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து அவன் சமாளித்திருக்கிறான். வண்டியின் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ரொம்ப நாள் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளித்திருக்கிறது. லைட் எரிந்த அன்று கோளாறு தொடங்கவில்லை. சமாளிக்க முடியாமல் போன நாள் அது.

இனி கார் வைத்திருக்கிற உறவுகளுக்குச் சில வார்த்தைகள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது என்று குறித்துக்கொண்டு போங்கள். நிற்கும்போதா, ஓடும்போதா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஏ.சி. போட்டாலா? பானெட் பக்கம் உஸ் என்று சத்தம் வருகிறதா? கடைசியாக யார், எதைக் கழற்றி மாட்டினார்கள்? ஏர் ஃபில்டர் மாற்றிய பிறகு பெட்டியின் கிளிப்பைச் சரியாகப் போடாமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது.

எல்லாக் கார்களிலும் காற்றளவு சென்சார் கிடையாது. பல சின்ன கார்களில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்துதான் கணக்குப் போடுவார்கள். அவற்றில் இதே ஓட்டை விழுந்தால் லைட் எரியாமலே, ஐடில் மட்டும் தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கலாம். "நல்லாத்தானே இழுக்குது" என்று விட்டுவிடாதீர்கள்.

ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் குழாய் கிழிந்தால் இன்னும் மோசம். வடிகட்டாத தூசி நேராக உள்ளே போகும். மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் போனவர்களுக்குத் தூசி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மண் துகள் சிலிண்டருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் உப்புத்தாள் மாதிரி. லைட் எதுவும் எரியாமலேகூட இன்ஜின் தேயலாம்.

காலி மனைகளுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் மழைக்காலத்தில் எலியை மறக்காதீர்கள். ஹோஸை அது கடித்து வைத்துவிடும்.

வீடியோவைப் பார்த்துவிட்டு ஓடுகிற இன்ஜினில் கிளீனர் ஸ்பிரே அடித்து லீக் தேடாதீர்கள். அது தீப்பிடிக்கும் சரக்கு, பக்கத்திலேயே சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். தெரிந்தவர்கள் செய்யட்டும்.

ஒர்க்‌ஷாப் நடத்துகிற என் மாணவர்களுக்கும் ஒன்று. செக்கிங் சார்ஜை வெட்கப்படாமல் போர்டில் எழுதுங்கள். கூடவே கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றுவதற்கு முன் எண் இது, மாற்றிய பின் எண் இது என்று. அந்தத் தாள்தான் உங்கள் மரியாதை. என்னைப் போன்ற ஆட்கள் வாக்குவாதம் செய்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

அந்த வெடித்த ஹோஸை நான் தூக்கிப் போடவில்லை. கழுவித் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். வளைத்தால் வாய் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது கேளுங்கள், காட்டுகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு வளிமண்டல அழுத்தம் நடத்த அதைவிட நல்ல உபகரணம் என்னிடம் இப்போது இல்லை.

தொழில் தெரிந்தவர்கள் நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வழிமுறையோடு எழுதினால் முழு மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்